ஐந்நூறு பிரவுன் கவர்

முதல் நாள், திங்கள்

நேற்று இரவு போடியில் ரயில் ஏறி இன்று காலை சென்ட்ரலில் இறங்கினேன். அங்கிருந்து மெட்ரோ பிடித்தால் மண்ணடி, வண்ணாரப்பேட்டை தாண்டித் தண்டையார்பேட்டையில் சித்தி வீடு. ஐந்து நாள் ஜாகை அங்கேதான். குளித்து, சித்தி சுட்டு வைத்த நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மாதவரத்துக்குக் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு கூண்டும் அதற்குள் ஒரு பச்சைக்கிளியும் கண்ணில் பட்டன. நேரமாகிவிட்டதால் ஒன்றும் கேட்காமல் போய்விட்டேன்.

நான் தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் வனக்காப்பாளர். வேலையில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. வந்திருப்பது வன உயிரினக் குற்றம் நடந்த இடத்தில் தடயம் எடுக்கும் பயிற்சிக்கு. கோயம்புத்தூர், ராமநாதபுரம், தூத்துக்குடி என்று இருபத்து நாலு பேர் இருக்கிறோம். பெண்கள் ஐந்து பேர். காட்டுக் குற்றத்துக்கான பயிற்சியை லாரியும் கண்டெய்னரும் ஓடுகிற வடசென்னையில் ஏன் வைக்கிறார்கள் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். முதல் வகுப்பிலேயே பதில் கிடைத்தது. மிருகம் சாவது எங்கள் மலையில், விலை பேசுவது நகரத்தில், கப்பலேறுவது துறைமுகத்தில். மத்திய அரசின் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு 2007-ல் அமைக்கப்பட்டது. தென் மண்டல அலுவலகத்தை அது சென்னையில் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

வகுப்பெடுத்தவர் ஓய்வு பெற்ற தடயவியல் அதிகாரி. லியோன் நகரத்தில் 1910-ல் முதல் போலீஸ் தடயவியல் கூடத்தைத் தொடங்கிய எட்மண்ட் லோக்கார்டைப் பற்றிச் சொன்னார். தொட்டவன் எதையாவது விட்டுவிட்டுப் போவான், எதையாவது ஒட்டிக்கொண்டும் போவான் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நோட்டில் எழுதிக்கொண்டேன். மதியமே அது என் காலடியில் வந்து நின்றது.

கட்டடத்துக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மாதிரிக் களம் அமைத்திருந்தார்கள். ஓர் ஆட்டுத்தோல், மரத்தில் கட்டிய சுருக்குக் கம்பி, ஒரு பீடித்துண்டு, ஈரமண்ணில் செருப்புத் தடம். "மேடம், நீங்க போங்க" என்றார் சார். நான் நேராகக் கம்பியிடம் போய் முடிச்சைத் தளர்த்தினேன். காட்டில் அதுதான் பழக்கம். கம்பியைப் பார்த்தால் முதலில் அவிழ்க்க வேண்டும், அடுத்த மிருகம் மாட்டிவிடக் கூடாது. சார் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "நீங்க வந்த வழியைத் திரும்பிப் பாருங்க" என்றார்.

செருப்புத் தடத்தின் குதிகால் பகுதி இருந்த இடத்தில் என் பூட்ஸின் கட்டம் கட்டமான அச்சு பதிந்திருந்தது. முன்பகுதி மட்டும் மிச்சம். கம்பியை முறுக்கியிருந்த விதமும் போய்விட்டது. வலப்பக்கமாக முறுக்கினானா, எத்தனை சுற்று, நுனியை வெட்டியது கட்டிங் பிளேயரா கல்லா என்பதையெல்லாம் அந்த முடிச்சு சொல்லியிருக்கும். கம்பியை அவிழ்க்காமல் முடிச்சுக்குத் தள்ளி வெட்டி எடுக்க வேண்டுமாம். ஏழு வருஷத்தில் எத்தனை முடிச்சை நான் அவிழ்த்திருப்பேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

அப்புறம் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். போனதும் உள்ளே நுழையக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் வெளியே நின்று பார்க்க வேண்டும். குற்றவாளி எந்தப் பக்கம் வந்திருப்பான், எந்தப் பக்கம் போயிருப்பான் என்று யோசித்து, அவன் நடந்திருக்க வாய்ப்பில்லாத பக்கமாக ஒரே ஒரு பாதை போட்டு, எல்லோரும் அதில்தான் போய்வர வேண்டும். படம் மூன்று தூரத்திலிருந்து: முழு இடமும் தெரிய, பொருளும் அதன் சுற்றுப்புறமும் தெரிய, பொருள் மட்டும். கிட்டத்துப் படத்தை ஸ்கேல் இல்லாமல் ஒன்று, ஸ்கேல் வைத்து ஒன்று எடுக்க வேண்டும். சடலத்தை அறுப்பதற்கு முன் மெட்டல் டிடெக்டர் ஓட்ட வேண்டும். நாட்டுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு தோலுக்கடியிலேயே தங்கியிருக்கலாம்.

கடைசியில் எங்களை மறுபடி களத்துக்கு அனுப்பினார்கள். நான் ஐந்து நிமிஷம் நின்றேன். அவ்வளவு நீளமான ஐந்து நிமிஷம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. மூன்றாவது நிமிஷத்தில்தான் மரப்பட்டையில் கம்பி உரசிய பழைய தழும்பு தெரிந்தது. அதே இடத்தில் முன்பும் கட்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

இரண்டாம் நாள், செவ்வாய்

இன்றைக்கு எழுதுவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை வகுப்பு தடயத்தை எதில் வைப்பது என்பதைப் பற்றி. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மேசையில் இரண்டு பொட்டலம் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே ஆட்டின் ரத்தம் தோய்ந்த துணி, இரண்டும் ஒரே நாளில் கட்டியவை. ஒன்று பாலிதீன் கவரில். உள்பக்கம் முழுக்க வியர்த்து, துணிமேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. மற்றது நிழலில் உலர்த்திப் பிரவுன் கவரில் போட்டது. துணி மொடமொடவென்று, கறை காபிக் கறை மாதிரி அப்படியே இருந்தது. ஈரம் இருந்தால் பூஞ்சை வரும், பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து டிஎன்ஏவைத் தின்றுவிடும். காகிதம் மூச்சு விடும், பிளாஸ்டிக் விடாது. அவ்வளவுதான் விஷயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது குடிசையில், இறைச்சி பிடித்தோம். மிளா இறைச்சி என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஓடையில் ரத்தமும் மயிரும் கிடந்தன. நான்தான் எடுத்தேன். பாலிதீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினேன். கடிதம் தயாராக மூன்று நாள் ஆனது. நாற்றம் எடுத்தபோது யாரோ கெட்டுப்போகாமல் இருக்கும் என்று ஃபார்மலின் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினோம். எந்த விலங்கின் இறைச்சி என்று கண்டுபிடிக்க இயலவில்லை என்று ஆய்வறிக்கை வந்தது. ஆட்டுக்கறி என்று எதிர்த்தரப்பில் சொன்னார்கள். எங்களிடம் பதில் இல்லை. வழக்கு போயிற்று.

ஃபார்மலின் திசுவைக் கல் மாதிரி கெட்டியாக்கி வைக்கும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க நல்லது, ஆனால் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும் என்று இன்று சொன்னார்கள். டிஎன்ஏ பார்க்க வேண்டுமென்றால் திசுவைச் சிறு துண்டாக நறுக்கி எத்தனாலில் போட வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும், எதுவும் இல்லாத இடத்தில் உப்பில் புதைத்தாவது கொண்டுவர வேண்டும். சமையல் உப்பு! சாளையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பா உப்பு இருந்தது. அந்த டப்பா இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அப்படி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்பதையும் காட்டினார்கள். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் பி என்று ஒரு மரபணு உண்டு. அதன் எழுத்து வரிசை இனத்துக்கு இனம் மாறும். அதைப் படித்து, தெரிந்த இனங்களின் வரிசையோடு ஒப்பிட்டு ஆடா மிளாவா என்று சொல்லிவிடுவார்கள். ஐதராபாத்தில் இருக்கும் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியின் லாக்கோன்ஸ் என்கிற வன உயிரின ஆய்வகத்தில் இந்த மரபணுவை வைத்தே இனம் காணும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். நம் வண்டலூரிலும் வனத்துறையின் உயர்நிலை ஆய்வு நிறுவனத்தில் இந்தப் பரிசோதனைக்கு ஆய்வகம் இருக்கிறது. சமைத்த கறியிலிருந்துகூடப் பல நேரம் எடுக்க முடியுமாம்.

மதியம் மனசு கொஞ்சம் தெளிந்தது. பொருள்களைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். புலிநகம் என்று ஐந்து. நம் பக்கம் குழந்தை கழுத்தில் புலிநகம் கட்டினால் பயம் அண்டாது என்பார்கள், என் தாய்மாமன் கழுத்தில்கூட ஒன்று இருந்த நினைவு. ஐந்தில் நான்கு போலி. மாட்டுக்கொம்பையும் குளம்பையும் இழைத்துச் செய்தவை. எக்ஸ்ரேயில் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அசல் நகம் வெறும் உறைதான், அடிப்பாகத்தில் விரலின் கடைசி எலும்பு அதற்குள் செருகியிருக்கும். போலி முழுக்க ஒரே கட்டி. ஆனால் போலி என்று தெரிந்த பிறகும் நிம்மதி வரவில்லை. நான்கு போலிக்கு விலை இருப்பதே ஐந்தாவது அசலாக இருப்பதால்தானே.

அடுத்தது பெயிண்டிங் பிரஷ். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கீரி முடியில் செய்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முடியிலும் கருப்பு, வெளிறிய மஞ்சள், கருப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது, நுனி அடர்த்தியாக முடிகிறது. நைலான் முடி ஒரே நிறம். பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கிப்போகிற பிரஷ்ஷில்கூட இது வந்திருக்கலாம். ஒரு கீரியிடம் பிரஷ்ஷுக்கு ஆகிற நீள முடி எவ்வளவு இருந்துவிடும்? அதற்காக அதைக் கொன்றுவிடுகிறார்கள். 2019-ல் நாடு முழுக்க இதற்கென்றே தேடுதல் நடத்தியிருக்கிறார்கள்.

மயில்தோகையும் பார்த்தோம். தானாக உதிர்ந்த தோகையை வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பிடுங்கியதா உதிர்ந்ததா என்பதைத் தண்டின் அடிமுனை சொல்லிவிடும். உதிர்ந்தது காய்ந்து சுத்தமாக இருக்கும். பிடுங்கியதில் சதையோ ரத்தமோ ஒட்டியிருக்கும். அதனால்தான் கொன்றவர்கள் அடிமுனையை வெட்டிவிட்டு விற்கிறார்கள். கட்டுக்கட்டாக எல்லாத் தோகையும் ஒரே அளவில் வெட்டியிருந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

மூன்றாம் நாள், புதன்

இன்று வகுப்பு மதியத்தோடு முடிந்தது. துறைமுகம் வழியாகப் போகும் பொருள்களைப் பற்றி. செம்மரக் கட்டை ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டார்கள், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வெட்டுமுகத்தைத் துடைத்தால் பஞ்சு சிவந்துவிடுகிறது, வெறும் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் அவ்வளவாக இல்லை. ஆந்திராவின் தெற்கே கடப்பை, திருப்பதி போன்ற மலைகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் விட்டால் இந்த மரம் உலகில் வேறெங்கும் காடாக வளர்வதில்லை. அங்கே வெட்டிய மரம் வேறு சரக்கின் பெயரில் கண்டெய்னரில் ஏறும்.

கடல் அட்டையையும் கடல் குதிரையையும் பற்றி ராமநாதபுரத்துத் தம்பிதான் வகுப்பெடுத்தவரைவிட அதிகம் சொன்னார். இரண்டும் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், சேர்க்கப்பட்டவை. அட்டையை வேகவைத்து உலர்த்திவிட்டால் கருப்பாகச் சுருங்கி, பார்க்கிறவருக்கு என்ன பொருள் என்றே தெரியாது. இலங்கைப் பக்கம் படகில் போகிறது. திமிங்கல வாந்தி என்று செய்தியில் வருகிற அம்பர்கிரீஸ் பற்றியும் பேச்சு வந்தது. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகிற பொருள். கணவாயின் கூரான அலகு குடலைக் கீறாமலிருக்க உண்டாவதாகச் சொல்கிறார்கள். நம் நாட்டில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

சாயங்காலம் சித்தி பையனோடு கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனோம். வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். வளர்ப்பு மீன்தான் எல்லாம். பார்க்க அழகு. அவ்வளவுதான், அதிக நேரம் நிற்கவில்லை.

என் மனசெல்லாம் எதிர் வீட்டுக் கிளியிடம் இருந்தது. திரும்பி வந்ததும் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அந்த ஆயாவுக்கு எழுபது வயசிருக்கும். "இன்னா பாப்பா, மூணு நாளா கூண்டையே பாக்குற" என்றார். மகன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்தானாம், நாலு வருஷம் ஆகிறது. கிளிக்குப் பேர் மீனு. ஆயா மிளகாய்ப் பழத்தை நீட்டினால் ஒரு காலால் வாங்கிச் சாப்பிடுகிறது. கழுத்தில் ரோஜா வளையம் இல்லை, பெண் கிளி. இரண்டு இறக்கையிலும் நீளச் சிறகுகளை வெட்டியிருந்தார்கள்.

நான் யார் என்பதைச் சொன்னேன். பச்சைக்கிளி காட்டுப் பறவை, வீட்டில் வளர்க்கக் கூடாது, 1972-ம் வருஷத்துச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது என்பதைச் சொன்னேன். மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கும்போதும், பெட்டியில் அடைத்துக் கொண்டுவரும்போதும் எத்தனை சாகும் என்பதையும் சொன்னேன். ஆயா முகம் மாறிவிட்டது. "அது எனுக்குப் பேத்தி மாதிரிம்மா" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. உடனே திறந்துவிடாதீர்கள், சிறகு வெட்டிய கிளியைக் காக்கையும் பூனையும் விடாது, வனத்துறையிடம் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிறகு முளைக்கிறவரை வைத்திருந்து அப்புறம் விடுவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சித்திக்கு என்மேல் வருத்தம். "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட போய் சட்டம் பேசலாமா கண்ணு?" என்றார். பேசாமல் எப்படிச் சித்தி இருப்பது?

நாளை காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். கடற்கரை.

நான்காம் நாள், வியாழன்

இந்த நாளை எழுத ஒரு நோட்டு வேண்டும்.

எர்ணாவூர்ப் பக்கம் கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கடலரிப்புக்காகப் போட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற வழியெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சம் மணல். அப்படி ஒரு மணல் துண்டில்தான் அது கிடந்தது. பங்குனி ஆமை. தை பிறந்து பங்குனி முடிய முட்டையிடக் கரையேறுவதால் நம் மீனவர்கள் வைத்த பெயர். இவ்வளவு பெரிய கடலாமையை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன், அதுவும் செத்ததாக.

இந்த முறை யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அலை எதுவரை வந்து போயிருக்கிறது, நாயின் தடம் எந்தப் பக்கம், கயிறோ வலைத்துண்டோ கிடக்கிறதா என்று பார்த்தேன். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.

வழிநடத்தியவர் கால்நடை மருத்துவர், ஒரு மேடம். படமெல்லாம் எடுத்து முடித்து, ஜிபிஎஸ் குறித்து, அப்புறம்தான் தொட்டோம். தையல்காரர் டேப்பை ஓட்டின் வளைவோடு வைத்து அளந்தோம், 68 சென்டிமீட்டர். ஓட்டின் இரு பக்கமும் இருக்கிற பலகைகளை எண்ணினோம், இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறு. மற்ற கடலாமைகளுக்கு நாலைந்துக்கு மேல் போகாது, இதற்கு மட்டும் கூடக்குறைய இருக்கும் என்றார். வால் ஓட்டுக்கு வெளியே வரவே இல்லை, ஆகவே பெண். சடலத்தின் நிலைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் கொடுக்கிறார்கள். இதற்கு இரண்டு, அதாவது செத்து அதிக நேரம் ஆகவில்லை. கண்கள் பிதுங்கியிருந்தன. கழுத்து வீங்கியிருந்தது. வெட்டுக்காயமோ படகு மோதிய பிளவோ எங்கும் இல்லை.

அடி ஓட்டைச் சுற்றி அறுத்துத் தூக்கினார். மூச்சுக்குழாயைக் கீறிக் காட்டினார். உள்ளே வெள்ளை நுரை, லேசான இளஞ்சிவப்பு கலந்து. நுரையீரலை அழுத்தினால் இன்னும் வருகிறது. கரை மணலில் பொரிந்தாலும் கடலிலேயே வாழ்கிற ஜீவன் தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான், மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். இழுவலையில் மாட்டினால் வலை தூக்குகிறவரை வர முடியாது.

அப்புறம் மேடம் விரலால் உள்ளே ஒதுக்கிக் காட்டியபோது முட்டைகள் தெரிந்தன. ஓடு கட்டிய வெள்ளை முட்டைகள், பிங்பாங் பந்து அளவு. சுற்றிலும் ஓடு கட்டாத மஞ்சள் கருக்கள், சின்னதும் பெரிசுமாக. வெள்ளை முட்டையை எண்ணினோம், நூற்று நாலு. அன்றைக்கோ மறுநாளோ கரையேறியிருக்கும். எங்களில் யாரும் பேசவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கையில் கையுறை இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

திசு எடுக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு புட்டி. ஒன்றில் எத்தனால், டிஎன்ஏவுக்கு. மற்றதில் பத்து சதவீத ஃபார்மலின், நுரையீரல் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க. எது எதில் போக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லேபிளில் நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயர், இரண்டு சாட்சிகள். அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். கடைசியில் ஓட்டில் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் புதைத்தோம். அலை மறுபடி வெளியே கொண்டுவந்தாலும் இரண்டாம் தடவை எண்ணிவிடக் கூடாது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்துக்கு மேல் இப்படி ஒதுங்கின. அப்போது நான் மலையில் செய்தியாகப் படித்தேன். ஆயிரம் என்றால் என்ன என்று ஒன்றை அறுத்துப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

"களம் எது?" என்று மேடம் கேட்டார். எல்லோரும் மணலைக் காட்டினோம். இல்லை, இது இரண்டாம் களம், முதல் களம் எங்கோ கடலுக்குள் இருக்கிறது, அதில் நடந்துபோய்க் கயிறு கட்ட முடியாது என்றார். நீரோட்டம், காற்று, சடலத்தின் நிலை, அன்றைக்கு எந்தெந்தப் படகு எங்கே இருந்தது என்கிற பதிவு, இவற்றை வைத்துப் பின்னோக்கிப் போக வேண்டும். விசைப்படகு கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. ஆமைகள் முட்டையிடக் கூடுவது பெரும்பாலும் அதற்குள்தான்.

சாயங்காலம் சித்தி பையன் காசிமேட்டுக்கு அழைத்துப் போனான். அவன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுகிறான். "ஆமை மாட்டுனா வலதான்க்கா கிழியும், அத்த யாரும் வேணும்னு புடிக்கிறதில்ல" என்றான். அவன் சொன்னதை நான் நம்புகிறேன். ஃபைபர் படகுக்காரர்கள் வலையில் சிக்கினால் அறுத்து விட்டுவிடுவார்களாம். இழுவலை மணிக்கணக்கில் இழுபடுவதுதான் பிரச்சினை. வலைக்குள் கம்பிச் சட்டம் வைத்து, இறால் பின்னால் போக, ஆமை மோதி வெளியேற ஒரு வாசல் விடுகிற கருவி இருக்கிறது. ஆமை விலக்குக் கருவி என்கிறார்கள். பிடித்த மீனில் கொஞ்சம் அந்த வாசல் வழியாகப் போய்விடும் என்பது படகுக்காரர்களின் பயம். டீசல் விலையைச் சொன்னார்கள், கடனைச் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நூற்று நாலு முட்டையை அவர்களும் ஒரு தடவை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளி

ரயிலில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் மாதிரி நீதிமன்றம். நேற்று களத்தில் சாட்சிகளை வைத்து நாங்களே எழுதிய மகஜர் என்கிற பதிவுதான் வழக்கு. ஓய்வு பெற்ற அரசு வக்கீல் ஒருவர் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்றார். நான் சாட்சிக் கூண்டில்.

"முத்திரை எத்தனை மணிக்கு வைத்தீர்கள்?" ஏழு நாற்பது என்றேன். "போட்டோவில் ஏழு பத்து என்று இருக்கிறதே?" கேமராவின் கடிகாரம் அரை மணி பின்தங்கியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. "அந்த அரை மணி நேரம் புட்டி யார் கையில் இருந்தது?" எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் சமாளித்தேன். களத்துக்குள் போவதற்கு முன்னால் ஜிபிஎஸ் கருவியின் திரையையும் ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் சரியான நேரம் இருந்தது, அந்தப் படத்திலும் கேமரா அதே அரை மணி பின்தங்கித்தான் காட்டியது. தடயவியல் சார் முதல் நாள் போகிற போக்கில் சொன்னது. வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்தார்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களில் தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த வீடியோவுக்குச் சான்றிதழ் கொடுத்தால்தான் செல்லும். அதையும் எழுதிப் பழகினோம். முதல் அட்டவணை விலங்கென்றால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பொருள் குற்றம் சாட்டப்பட்டவனிடம் இருந்தது என்பதை நாம் நிரூபித்துவிட்டால், சட்டப்படி வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவனுடையது. உதவி வனப்பாதுகாவலரும் அவருக்கு மேலுள்ள அதிகாரிகளும் குற்றம் சாட்டப்பட்டவனை முன்னால் வைத்துக்கொண்டு பதிவு செய்கிற சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லும். சட்டம் நம் பக்கம் இவ்வளவு சாய்ந்து நிற்கிறது. அதை ஒரு பாலிதீன் கவரில் கட்டி நான் கெடுத்தேன்.

மூன்று மணிக்கு விட்டார்கள். நேராகப் பாரிமுனை போய் ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தேன். தெரு முழுக்கக் காகிதம், கல்யாணப் பத்திரிகை. ஒரு கடையில் பிரவுன் கவர் கேட்டேன். "எத்தினி வேணும்? மொய்க்கவரா, ஆபீஸ் கவரா?" என்றார் கடைக்காரர். மூன்று அளவில், மொத்தம் ஐந்நூறு என்றேன். பிளாஸ்டிக் பூச்சு உள்ளே இருக்கக் கூடாது என்றேன். அவர் ஒரு கவரைப் பிரித்து உள்பக்கத்தை என் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். சொரசொரப்பாக இருந்தது. எதற்கு என்று கேட்டார். மான் இறைச்சி பிடித்தால் போட என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், அப்புறம் அரக்குக் குச்சி பத்து எடுத்து வைத்தார். அதற்குக் காசு வேண்டாம் என்றார். நான் கொடுத்துவிட்டேன், பில்லோடு.

சித்தி வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தபோது எதிர் வீட்டுத் திண்ணை காலியாக இருந்தது. உள்ளே கிளி கத்துவது கேட்டது. ஆயா வெளியே வந்து, "நாளைக்கு மவன்கூட கிண்டிக்கு, உங்க ஃபாரஸ்ட் ஆபீசுக்கு எட்த்துனு போறேன். சிறகு மொளைச்சதும் வுட்டுருவாங்கன்னு நீ சொன்னது நெஜந்தான?" என்றார். நிஜம் ஆயா என்றேன். பயணத்துக்குக் கூண்டுக்குள் என்ன வைக்கலாம் என்று கேட்டார். வெள்ளரிக்காய் வைங்க, தண்ணிக் கிண்ணம் வேண்டாம், கொட்டிவிடும் என்றேன்.

செங்கல்பட்டு தாண்டிவிட்டது. கவர் பையை சீட்டுக்கடியில் வைக்கவில்லை. கீழே ஈரம். தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.